பஞ்சாட்சரம் கொடுத்த அனுமதி

பஞ்சாட்சரம் நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார் என்று பிள்ளையார்பாளையத்தில் கேலி பேசுவார்கள். தறியில் புதுப் பாவு நூல் ஏற்ற, நெய்து முடித்த சேலையை அறுக்க, முடி வெட்டிக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அவருக்கு நேரம் உண்டு. ராகு காலத்தில் அறுத்த சேலையைக் கட்டிக்கொண்டு எந்தப் பெண் நன்றாக இருப்பாள் என்று கேட்பார். மனிதர் நல்லவர்தான். தான் நல்லவர் என்கிற நினைப்புதான் கொஞ்சம் தூக்கல்.

மகள் சங்கீதா கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூர் போன பிறகு, அவள் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் கிடந்தது. சேலை எடுக்க வருகிறவர்களுக்கு டிசைன் காட்ட அதைத் தட்டிப் பழகிய பஞ்சாட்சரம், அப்படியே அதில் பஞ்சாங்கம் பார்க்கவும் கற்றுக்கொண்டார். சுவரில் தொங்கிய நாள்காட்டிக்கு அத்தோடு வேலை போயிற்று.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பதினெட்டாம் பெருக்கன்று மாப்பிள்ளை விஷாலுக்கு விருந்து. நல்ல நேரம் பார்த்துப் பட்டு வேட்டி வைத்துக் கொடுத்தார் பஞ்சாட்சரம். சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளை, ஆபீசுக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் சற்று நேரம் உட்கார்ந்தார். சாயங்காலம் பைக்கில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் வந்தது வினை. நெற்றி நிறைய விபூதியோடு பஞ்சாட்சரம் கம்ப்யூட்டரைத் திறந்தார். திரையின் ஓரத்தில் சின்னக் கட்டம் ஒன்று முளைத்தது. அதில் அரைகுறை ஆடையில் ஒரு பெண். பக்கத்தில்தான் தனியாக இருக்கிறாளாம், பேச வரச் சொல்கிறாள். அதை மூடினால் இன்னொருத்தி. அவளையும் மூடினால், கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள் என்று சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல். எதைத் தேடினாலும் முன்பின் தெரியாத பக்கம் திறந்து சூதாடக் கூப்பிட்டது. பஞ்சாட்சரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை மூடினார்.

நேற்று முன்தினம் வரை இந்த அசிங்கம் இல்லை. நேற்று இதில் உட்கார்ந்தது யார்? அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

இதை யாரிடம் சொல்வது? மனைவி வள்ளியிடம் சொல்லவே வாய் வரவில்லை. மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது? கம்ப்யூட்டர் ரிப்பேர், யாரும் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவைத்தார். தேடித் தேடிப் பார்த்த மாப்பிள்ளை இப்படியா என்று தறியில் உட்கார்ந்தபடியே குமைந்தார். இவனோடு மகள் எப்படிக் குடித்தனம் செய்வாள் என்ற பயம் அவரைத் தின்றது.

ஆவணி பிறந்தது. மாப்பிள்ளையின் அம்மா கமலாட்சி போன் செய்தார்.

"சம்பந்தி, மருமகள எப்போ அனுப்புறீங்க? வீடே வெறிச்சுனு இருக்குது."

"நாள் ஒண்ணும் சரியில்லீங்கம்மா. பாத்துக்கினு இருக்கேன்."

இப்படியே அடுத்த வாரமும் சொன்னார், அதற்கடுத்த வாரமும் சொன்னார். சங்கீதா முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவிடம் முணுமுணுத்தாள். பிறகு சோற்றைப் பிசைந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். கட்டிவைத்த பெட்டி கதவோரம் கிடந்தது. தெருவில் ஓரிருவர், என்ன இன்னும் போகவில்லையா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விஷாலே வந்துவிட்டார். "மாமா, நான் எதனா தப்பு பண்ணிட்டேனா? சொல்லுங்க" என்றார்.

அந்தப் பணிவுதான் பஞ்சாட்சரத்துக்கு எரிச்சலைக் கிளப்பியது. அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"வேஷம் போடாதப்பா! விருந்துக்கு வந்த எடத்துல, என் வீட்டு கம்ப்யூட்டர்ல என்ன கண்றாவிய பாத்துட்டுப் போன? உன்ன நம்பி எப்டி என் பொண்ண அனுப்புறது?"

மாப்பிள்ளையை அவர் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. விஷாலின் முகம் சிவந்தது. அடுப்படியிலிருந்து வந்த சங்கீதா அப்பாவையும் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் துண்டை உருவினாள், கம்ப்யூட்டரைப் போட்டாள். காத்திருந்தது போல் அந்தப் பெண் வந்து நின்றாள். பஞ்சாட்சரம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாருப்பா. இத யாரு அனுப்புறாங்கன்னு அடியிலயே பொடி எழுத்துல இருக்குது. படி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் தினமும் நல்ல நேரம் பார்க்கிற பக்கத்தின் பெயர்.

"இது நீ பாக்குற பஞ்சாங்கந்தானே? தகவல் அனுப்பலாமான்னு கேட்டிருக்கும். அலோன்னு அனுமதி குடுத்தது யாரு?"

அப்போதுதான் நினைவு வந்தது. பெருக்கன்று விடிகாலை, மாப்பிள்ளைக்கு வேட்டி வைத்துக் கொடுக்க நேரம் பார்த்தார். பக்கம் மங்கலாகவே நின்றது. நேரம் தெரிய அனுமதி கொடுங்கள் என்று ஒரு கட்டம் கேட்டது. கொடுத்தார். தினசரிப் பலனைச் சேர்க்கவா என்றது. சேர் என்று அமுக்கினார். சாமி காரியம்தானே என்று நினைத்தார்.

"நான்தான்மா" என்றார்.

சங்கீதா செட்டிங்ஸுக்குள் போய் அந்தப் பக்கத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியை எடுத்தாள். தினசரிப் பலன் என்ற பெயரில் பிரௌசரில் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தூக்கிப் போட்டாள். மாறிப்போயிருந்த தேடும் பக்கத்தைப் பழையபடி வைத்தாள். வேறு எதுவும் நுழைந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் முழுக்கச் சோதிக்கவிட்டாள்.

சோதனை முடிந்ததும் விஷால் மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, வைரஸ்னு ஒரு நம்பர் காட்டியிருக்குமே, அதுக்குப் போன் பண்ணலையே?"

"இல்லீங்க."

"நல்ல வேளை. பேசி ஏமாத்திடுவாங்க. இனிமே எந்தப் பக்கம் அலோ கேட்டாலும் வேணாம்னு குடுத்துடுங்க. நேரம் சொல்றதுக்கு அனுமதி எதுக்கு மாமா?"

திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது பஞ்சாட்சரத்துக்கு. இத்தனை பேச்சு வாங்கியவன் தன்னைப் பற்றிக் கவலைப்படுகிறான். தப்பாகச் சந்தேகப்பட்டதை எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நாள் சரியில்லை என்று கமலாட்சியிடம் சொன்னாரே! அந்த வாரங்களில் முகூர்த்த நாள்களே இருந்தன. வாழ்நாளெல்லாம் பஞ்சாங்கத்தை நம்பியவர், அதன் பெயரால் வாய்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். வெட்கத்தில் நெற்றி விபூதி சுட்டது.

சங்கீதா எழுந்து முகம் கழுவி, புடவை மாற்றி வந்தாள். "கிளம்பலாங்க" என்றாள் விஷாலிடம்.

வள்ளி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம். பயந்துகொண்டே கணவன் முகத்தைப் பார்த்தாள். விஷாலும் தயங்கினார். "மாமா, ஆறு மணி வரைக்கும் வேணா இருந்துட்டு..."

"வேணாம் மாப்ளே. இப்பவே கெளம்புங்க. இதுவரைக்கும் நான் நிறுத்திவச்சதே போதும்."

கதவோரம் கிடந்த பெட்டியை அவரே தூக்கிப் போய்ப் பைக்கின் பின்னால் கட்டினார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. மன்னிச்சிடுங்க என்ற சொல் தொண்டை வரை வந்தது. மாமனாராயிற்றே என்ற பாழாய்ப்போன எண்ணம் அதை அங்கேயே நிறுத்தியது.

"போயிட்டு வரேம்மா" என்றாள் சங்கீதா.

அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள்.