அப்பா கொடுத்த பிஸ்கட் டின்

பிஸ்கட் டின்னுக்குள் காய்ந்த கொள்ளு புரளும் அந்தச் சலசலப்பு எழுந்தால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காது நிமிரும். குதிரைகளுக்கு முதலில், அப்புறம் எங்களுக்கு, ஏனென்றால் குதிரைகள் தின்ற பிறகுதான் அம்மா எங்களுக்குத் தட்டு வைப்பார். மலாக்காவில் காஜா பெராங் பகுதியில், இன்று மாடி வீடுகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகையும் புல் திடலும் மூன்று குதிரைகளும் வைத்துக்கொண்டு என் அப்பா குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் குதிரைக்காரராக இருந்தவர், பந்தயத்துக்கு உதவாது என்று துரை கழித்துவிட்ட குதிரைகளைக் கேட்டு வாங்கிவந்து தொடங்கிய பள்ளி அது. "லாயத்து இஸ்கூல்" என்று தெருவில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களே ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

பிள்ளையைத் தனியாக அனுப்பினால் அப்பா சேர்த்துக்கொள்ள மாட்டார். தாயோ தகப்பனோ கூடவே வந்து "பிடிகயிறு" பிடித்துக் குதிரையோடு திடலைச் சுற்றி நடக்க வேண்டும். பட்டுச் சேலையோடு வந்த அம்மாக்களும் சாணியை மிதித்துக்கொண்டுதான் நடந்தார்கள். மலாய் பேசிப் பழகிய பழைய தமிழ்ச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து வந்த பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதெல்லாம் மலாய், ஆனால் குதிரை முதுகில் ஏறியதும் "நில்லு", "மெதுவா" என்று தமிழில் அதட்டுவார்கள், எங்கள் குதிரைகளுக்கு வேறு பாஷை தெரியாதே!

கயிறு பிடித்த பெற்றோரிடம் அப்பா ஓயாமல் சொல்வது ஒன்றுதான். "கயித்த விடறதுக்கு முன்னாடி புள்ளைகிட்ட சொல்லிருங்க. சொல்லிட்டு விட்டா, விழுந்தாலும் எந்திரிச்சு மறுபடி ஏறும். சொல்லாம விட்டா, நல்லாவே ஓட்டினாலும் உங்கள நம்பாது." எங்களுக்கும் ஒரு கட்டளை இருந்தது: வெறும் டின்னை ஆட்டிக் குதிரையைக் கூப்பிடவே கூடாது. அண்ணன் ஒருமுறை விளையாட்டாக அப்படிச் செய்து, அன்று முழுவதும் கையில் கொள்ளு ஏந்திக்கொண்டு, அந்தக் குதிரை மனமிரங்கி வந்து தின்னும்வரை வெயிலில் நின்றான். அப்பா சொன்னதையெல்லாம் நான் சாமி வாக்கு என்றுதான் நினைத்தேன்.

ஜப்பான்காரன் வந்த புதிதிலேயே கொட்டகையில் இருந்த இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது, மைனா, செம்பழுப்பு நிறத்தில் ஒரு கால் மட்டும் வெளுத்த பெட்டைக் குதிரை, காலில் புண் ஆற வேண்டுமென்று புக்கிட் காதில் என்ற ஊர்ப்பக்கம் மாமா பால் வெட்டும் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் இருந்ததால் தப்பியது. பள்ளியை மூடிவிட்டோம், அரிசி இல்லாத ஊரில் யார் குதிரை ஏறுவார்கள்? தினமும் சாயங்காலம் அப்பா என்னைச் சைக்கிளில் பின்னால் வைத்துத் தோட்டத்துக்கு மிதிப்பார். கொள்ளு எப்போதோ தீர்ந்திருந்தது. எங்கள் பங்கிலிருந்து அம்மா ஒதுக்கிய காய்ந்த மரவள்ளித் துண்டுகளை நானே டின்னில் நிரப்பி, ரப்பர் மரங்களுக்கிடையே நின்று ஆட்டுவேன். மைனா எங்கிருந்தாலும் வந்துவிடும். வேறு யார் ஆட்டினாலும் வராது, அப்பா ஆட்டினாலும்கூட. அதில் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே கர்வம்.

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். சிப்பாய்கள் கயிற்றோடு தோட்டத்துக்கு வந்து துரத்திப் பார்த்தார்கள். மைனா மரங்களுக்குள் புகுந்து அவர்களை நன்றாக அலையவிட்டது. மாமா அதை நடித்துக் காட்டியபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் அப்பாவை முகாமுக்குக் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பினார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் டின்னை அப்பாவே நிரப்பி, மூடியை இறுக அழுத்திக் கொடுத்தார். கனமாக இருந்தது. மைனாவுக்கு இன்றைக்கு நிறையக் கிடைக்கப்போகிறது என்று வழியெல்லாம் சந்தோஷமாக வந்தேன். எப்போதும் என்னோடு தோட்டத்துக்குள் வருகிறவர் அன்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே நின்றுவிட்டார். "போம்மா, நீ கூப்பிட்டாத்தான் வரும்" என்றார்.

டின்னை ஆட்டினேன். மைனா வந்து என் நெஞ்சில் மூக்கைத் தேய்த்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே அத்தனையும் சாலையோரத்துச் சரளைக்கல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் புதர் மறைவிலிருந்து சிப்பாய்கள் எழுந்து அதன் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டார்கள். மைனா அவர்களைப் பார்க்கக்கூட இல்லை, கடைசிவரை அந்தக் கற்களையே முகர்ந்து முகர்ந்து பார்த்தது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து சைக்கிள் சங்கிலியைச் சரிசெய்வதுபோல் இருந்தார்.

"குதிரைய குடுக்கலன்னா உங்க அண்ணன சயாமுக்கு இழுத்துட்டுப் போயிருவோம்னு சொன்னாங்கடி, அப்பா வேற என்ன செய்வாரு?" என்று அம்மா அழுதார். சயாமில் ரயில் பாதை போடப் போனவர்கள் திரும்பாத காலம் அது. நானாக இருந்தாலும் அண்ணனைத்தான் காப்பாற்றியிருப்பேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன், புரண்டிருப்பேன், அப்புறம் நானே டின்னில் மரவள்ளியைப் போட்டுக்கொண்டு போய்க் கூப்பிட்டிருப்பேன். போகிற குதிரை என் கையால் ஒரு வாய் தின்றுவிட்டாவது போயிருக்கும். போகிற குதிரைக்கு எதற்கு என்று அப்பா நினைத்தாரோ என்னவோ, மைனாவின் பங்கு மரவள்ளியை அன்றைக்கு எங்களுக்குத்தான் வேகவைத்தார்கள். நான் தொடவில்லை.

அண்ணன் பிழைத்தான், பேரன் பேத்தி எடுத்தான். சண்டை முடிந்ததும் அப்பா காவல்காரர் வேலைக்குப் போனார். மறுபடி குதிரை வாங்கவில்லை, அந்த நாளைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டால், நான் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன். அது அவருக்கும் தெரியும். மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், பொய் எழுத வரவில்லை.

இப்போது கொட்டகையும் இல்லை, திடலும் இல்லை. குதிரையிடம் தமிழ் பேசிய பிள்ளைகளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதே இடத்தில் ஒரு வீட்டில்தான் நான் இருக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தம் சின்ன மகளுக்குச் சைக்கிள் பழக்கினார். "பிடிச்சிருக்கேன், பயப்படாம மிதி" என்று பின்னால் ஓடிக்கொண்டே, சத்தமில்லாமல் கையை எடுத்துவிட்டார். நான் வாசல் கேட்டிலிருந்து கத்தினேன்: "சொல்லிட்டு விடுப்பா!"

"சொன்னா விழுந்துருவா, பாட்டி" என்று அவர் சிரித்தார்.

"விழட்டும்" என்றேன்.

குழந்தை தெருமுனைவரை நன்றாகவே ஓட்டிப் போய், காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பா வெகு தூரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அவள் சிரிக்கவில்லை.