நான்கு போல்ட்டும் ஒரு நேர்கோடும்

இன்று காலை எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் டைல்ஸ் பதிக்க வந்த கொத்தனார், சிமெண்ட் மேடையில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு போல்ட்டுகளை கிரைண்டரால் அறுத்தார். கருகிய இரும்பு வாசனை. நான்கு வருடமாக அம்மா அவற்றின்மேல் பலகை போட்டுக் குடம் வைத்திருந்தாள். குடத்துக்காகப் போட்ட போல்ட்டுகள் அல்ல அவை.

அந்த வாசனை அப்பாவின் சட்டைக்கு உண்டு. நான்கு வருடம் முன்பு பாகலூர் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் பக்கமே போகாமல் மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரிந்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். அதனால் மாத்திரை அட்டை முதல் கரண்ட் பில் வரை எல்லாவற்றுக்கும் நான்தான் நிபுணன்.

முதலாளி பட்டறையை மூடப்போகிறார் என்றதும், தான் ஓட்டிய லேத்தையே வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்க அப்பா ஆசைப்பட்டார். சீட்டு எடுத்தார், லேத்தை நிறுத்தக் கொட்டகையில் மேடை கட்டினார், போல்ட் பதித்தார். முதலாளி சொன்ன விலை ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

"நீதான் படிச்சவனாச்சே, சரியான வெலையான்னு பாத்துச் சொல்லுடா."

கேட்க வேண்டுமா? அந்த வாரம்தான் வகுப்பில் நேர்கோட்டுத் தேய்மானம், அதாவது மெஷின் மதிப்பு வருடாவருடம் ஒரே அளவு குறையும் கணக்கு, நடத்தி முடித்திருந்தார்கள். புது விலை நான்கு லட்சம். ஆயுள் பத்து வருடம். கடைசியில் பழைய இரும்பாக ஐம்பதாயிரம் தேறும். ஆக வருடத்துக்கு முப்பத்தைந்தாயிரம் தேய வேண்டும். புத்தகம் சொன்னால் இரும்பு கேட்காமலா போகும்? லேத்துக்கு வயது எட்டு. மதிப்பு ஒரு லட்சத்து இருபதாயிரம். அதோடு விட்டேனா? 4,00,000 − 35,000x = 1,90,000 என்றும் போட்டேன். x ஆறு.

மறுநாள் அப்பாவோடு போய் நோட்டை விரித்தேன். "நீங்க சொல்றது ரெண்டு வருசத்துக்கு முந்தின வெலைங்க சார்."

முதலாளி நோட்டைப் பார்த்தார். "அப்ப பன்னெண்டாவது வருசம் எவ்ளோ வரும்? போடு தம்பி."

பத்தோடு நிறுத்த வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது, ரோஷத்தில் மறந்துவிட்டேன். மைனஸ் இருபதாயிரம் வந்தது.

"பாத்தியா மாதப்பா! மெஷினையும் குடுத்து, மேல இருவதாயிரமும் நான் குடுக்கணுமாம்!" என்று முதலாளி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "பையன் கணக்கு தப்பாவாதுங்க சார். ஒண்ணு இருவதுக்கே குடுங்க."

முதலாளி இறங்கி வரவில்லை. மூன்றாம் நாள் அத்திப்பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். "எஷ்டு?" என்று கன்னடத்தில் விலை கேட்டார். சொன்ன விலையைக் கொடுத்து லேத்தை லாரியில் ஏற்றி மாநில எல்லை தாண்டினார். x பற்றி அவர் விசாரிக்கவே இல்லை.

இப்போது நான் ஒரு கம்பெனியில் மெஷின்களுக்குத் தேய்மானம் போடுகிறேன். அங்கே யாரும் சிரிப்பதில்லை, சம்பளம்கூடத் தருகிறார்கள். மைனஸ் இருபதாயிரம் மதிப்புள்ள அந்த லேத் அத்திப்பள்ளியில் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. பகல் ஷிப்டில் ஓட்டுபவர் அப்பா. கூலிக்கு.

மாலையில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, போல்ட் இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தார். "கொத்தனார் நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். டைல்ஸ் பில் என் கையில் இருந்தது. சரியான விலையா என்று கேட்பார் என நின்றேன். அவரே வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

நான்கு வருடமாக அவர் என்னிடம் எந்த விலையும் கேட்பதில்லை.