வலது பக்கப் பிடி

இது நடந்தது. எனக்கே நடந்தது. சொல்லிக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் என் கணவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது படியுங்கள். அந்த ஆள் யாரென்று ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு படியுங்கள்...

நானும் என் கணவரும் பழைய விளையாட்டு மெஷின்களைப் பழுது பார்க்கிறவர்கள். காசு போட்டால் ஆடும் குதிரை, கையைக் குலுக்கிப் பலம் பார்க்கும் இரும்பு பொம்மை, இந்த மாதிரி. மரம், பித்தளை, பெயின்ட் எல்லாம் அவர் பொறுப்பு. ஒயரிங் என் பொறுப்பு. வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. நடுவில் ஒரு கதவு. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, எங்கள் இருவரைத் தவிர மூன்றாவது ஆள் கிடையாது.

காதல் மீட்டர் வரும்வரை.

புதிதாக காபிக்கடை திறக்கப்போகும் ஒருவர் அதைக் கொண்டுவந்து இறக்கினார். இரட்டைக் கதவு பீரோ அளவுக்கு அகலமான மரப்பெட்டி. முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்குள் கீழிருந்து மேலாக ஒரு வரிசை பல்பு. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒரு பெயர். அடியில் ‘பச்சைத் தண்ணீர்’. பிறகு ‘வெதுவெதுப்பு’, ‘பொறி’, ‘தீ’ என்று ஏறி, உச்சியில் ‘எரிமலை’. பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் பித்தளைப் பிடி. ஒரே ஆளுக்கு இரண்டும் எட்டாது. அதுதான் விளையாட்டே. ஒருவர் இடது பிடியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வலது பிடியை. இருவரும் மீதிக் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். உடம்புக்கே தெரியாத துளி மின்சாரம் இருவர் வழியாகவும் ஓடும். உள்ளே மோட்டார் சுற்றும். பல்பு ஏறும். எரிமலைக்குப் போனால் மணி அடிக்கும்.

வந்தபோது மெஷின் பிணமாகக் கிடந்தது. மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. பல்புகள் இப்போது யாரும் செய்யாத ரகம். வலது பக்கப் பிடியே இல்லை. சக்கரத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். பல்புகளை எங்கெங்கோ விசாரித்துச் சேர்த்தேன். பிடி மட்டும் கிடைக்கவில்லை. “புதுசா ஒண்ணு கடைஞ்சிடலாங்க” என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பழையதற்குப் பழையதுதான் பொருந்தும் என்று சாமான் கடை சாமான் கடையாக அலைந்தார்.

ஒருநாள் சாயங்காலம் பிடியோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

“எங்க கிடைச்சுது?”

“மேம்பாலத்துக்கு அடியில ஒரு கடை. போன உடனே கிடைச்சிடுச்சு.”

“தனியாவா போனீங்க?”

“வேற யாரு வருவா?”

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் மாறினார். எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்கிற மனிதர், அந்தப் பிடியைக் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது பிடி கறுத்துக் கிடந்தது. அதைத் தொடவே இல்லை. மெஷினை ‘அது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ‘அவ’ என்று சொல்ல ஆரம்பித்தார். “அவளுக்கு இன்னும் ஒரு கோட் வார்னிஷ் அடிக்கணும்.” நான் சிரித்தபடி கேட்டேன், “எனக்கு எப்ப அடிப்பீங்க?” அவர் காதில் விழவில்லை.

ஒரு மரப்பெட்டி மீது பொறாமைப்படுவது கேவலம்தான். ஆனால் வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன பயன்?

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள்.

அந்தப் பிடி சூடாகவே ஆகாது. மேஜை விளக்குக்கு நேர் கீழே மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் தொட்டால் ஜில்லென்று இருக்கும்.

இரவு அவர் பளபளவென்று துடைத்துவிட்டு வருவார். காலையில் அதன்மேல் விரல் ரேகை இருக்கும். மெல்லிய நீளமான விரல்கள். என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. என்னுடையது குட்டை.

துடைத்தேன். மறுநாளும் இருந்தது.

“ஏங்க, ராத்திரி இத யாரு தொட்டா?”

“நீதானே அதுல வேலை பாக்குற?” என்றார்.

ஒயரிங் முடிந்ததும் முதல் சோதனை. இருவர் உடம்புக்குப் பதிலாக, மின்சாரத்தை அதே அளவு தடுக்கும் ஒரு சின்னத் துண்டை இரண்டு பிடிக்கும் நடுவில் கோத்துப் பார்த்தேன். க்ளிக்... க்ளிக்... அழகாக ஏறியது. மெஷினில் குறை இல்லை. “வாங்க, நாம பிடிப்போம்” என்றேன். அவர் இடது, நான் வலது. கையைக் கோத்துக்கொண்டோம்.

பச்சைத் தண்ணீர்.

அதற்கு மேல் அசையவில்லை. கையை நனைத்துக்கொண்டு பிடித்தோம். இறுக்கிப் பிடித்தோம். பச்சைத் தண்ணீர்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலை, எங்கோ தப்பு இருக்கிறது என்று பிடிவாதமாக வலது பிடியின் ஒயரைக் கழற்றினேன். நுனியைச் சுற்றி டேப் ஒட்டி ஓரமாக வைத்தேன். அன்று அதற்குமேல் நேரம் கிடைக்கவில்லை. மழை வேறு.

ஏழரை மணி இருக்கும். நான் அடுப்படியில் இருந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பட்டறையில். நடுக்கதவு சாத்தியிருந்தது. வழக்கமாக அதை நாங்கள் சாத்துவதில்லை.

க்ளிக்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

க்ளிக்... க்ளிக்...

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பல்பு ஏறும் சத்தம். ஒயர் கழற்றிக் கிடக்கிறதே, எப்படி ஏறும்? சரி, அவரே மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். மாட்டத் தெரியாதே என்றும் உடனே நினைத்தேன். அப்படியே மாட்டியிருந்தாலும் ஆள் ஒருவர்தானே...

அப்போது அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மெதுவான சிரிப்பு. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்கு அந்தத் தொனி தெரியும். கல்யாணமான புதிதில் என்னோடு மட்டும் அப்படிப் பேசுவார். எனக்குப் பயம் வரவில்லை. முதலில் வந்தது ஆத்திரம்தான். யாரோ ஒருத்தி மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் உள்ளே வந்திருக்கிறாள்... அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக.

க்ளிக்.

கதவைத் தள்ளித் திறந்தேன்.

விளக்கு அணைந்திருந்தது. மெஷினின் வெளிச்சம் மட்டும். ‘பொறி’ தாண்டி, ‘தீ’ தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. தெருப்பக்கம் ஷட்டர் இறக்கி உள்ளே தாழ் போட்டிருந்தது.

பட்டறையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

எனக்கு முதுகு காட்டி நின்றார். இடது கை இடது பிடியில். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தார். நீட்டிய கை காற்றில் நின்றது. விரல்கள் மடங்கியிருந்தன...

இன்னொரு கையைக் கோத்துக்கொண்ட மாதிரி.

“ஏங்க.”

அவர் திரும்பவில்லை. “பார்த்தியா? நேத்து சிரிச்சியே, இப்ப எங்க வந்துடுச்சு பார்” என்றார். என்னிடம் சொல்லவில்லை. தன் வலது பக்கம் பார்த்துச் சொன்னார்.

“ஏங்க... நான் இங்க இருக்கேன்.”

அவர் தோள் விறைத்தது.

மெதுவாகத் தலையைத் திருப்பினார். வாசலில் நிற்கிற என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். மறுபடி என்னை.

“நீ... அங்கயா நிக்கிற?”

தலையை ஆட்டினேன்.

“அப்ப இது யாரு கை?”

க்ளிக்.

எரிமலை.

மணி அடித்தது. டிர்ர்ர்ர்... நிற்கவில்லை.

ஓடிப்போய் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

மணி நின்றது.

பல்புகள் அணையவில்லை.

“விட முடியலம்மா...” என்றார். அழுகிற குரல்.

அவர் வலது கையைப் பிடித்து இழுத்தேன். அவர் விரல்களுக்கும் என் விரல்களுக்கும் நடுவில் ஏதோ இருந்தது.

ஜில்லென்று.

மெலிந்து.

நீளமாக.

இழுத்தேன். அது திருப்பி இழுத்தது.

என் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது. “விடு! இவர் என் புருஷன்! விடுடீ!” என்று கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

என் காதோரம் ஒரு மூச்சு.

சிரித்த மாதிரி...

பிறகு இல்லை. கையில் அவர் கை மட்டும்.

க்ளிக்... க்ளிக்... க்ளிக்... பல்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் பச்சைத் தண்ணீர். அதுவும் அணைந்தது.

டார்ச்சை எடுத்து மெஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வலது பிடியின் ஒயர் காலையில் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. டேப்கூடப் பிரியவில்லை.

அன்று நாங்கள் தூங்கவில்லை. “பின்னாடி வந்து நீதான் கையக் கோத்தேன்னு நினைச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு, நீ பாத்திரம் கழுவிட்டு வந்திருக்கேன்னு நினைச்சேன்” என்றார். நம்பினேன். ஆனாலும் ஒன்று உறுத்தியது. என் கை எது, இன்னொருத்தி கை எது என்று இத்தனை வருஷத்தில் இவருக்குத் தெரியாதா? அதைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

விடிந்ததும் அந்தப் பிடியைத் திருகிக் கழற்றினேன். லேத் பட்டறையில் புதிதாக ஒன்று கடைந்து வாங்கி மாட்டினோம். இருவரும் பிடித்துப் பார்த்தோம். ‘வெதுவெதுப்பு’ வரை போனது. போதும் என்றேன். மெஷின் காபிக்கடைக்குப் போய்விட்டது. இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது. ஜோடி ஜோடியாக வந்து பிடித்துச் சிரித்துவிட்டுப் போகிறார்களாம்.

பழைய பிடி மட்டும் மிச்சம். அதை வீட்டில் வைத்திருக்க எனக்கு மனசில்லை. தூக்கி எறியவும் பயம். வாங்கின இடத்திலேயே கொடுத்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் இருவரும் எங்கள் வேனில் கிளம்பினோம். நல்ல வெயில். மேம்பாலத்துக்கு அடியில் வண்டி நிறுத்த இடமில்லை. “நீ போய்க் குடுத்துட்டு வா, நான் வண்டியிலயே இருக்கேன்” என்றார். நான் மட்டும் இறங்கிப் போனேன்.

கடைக்காரர் வயதானவர். பழைய ஃபேன், தையல் மெஷின், கடிகாரம் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பிடியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“இது அந்தம்மா எடுத்துட்டுப் போனதாச்சே. ஏன் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?”

“எந்தம்மா? வாங்கிட்டுப் போனது என் வீட்டுக்காரருங்க.”

“அவரும்தான் வந்தாரு. கூட அவர் சம்சாரமும் வந்திருந்தாங்களே. அவங்கதான் தேடி எடுத்தாங்க. அந்தா, அந்த மூலையில ஒரு மூட்டை கிடக்குது பாருங்க. அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நேரா போயி கைய விட்டு எடுத்தாங்க.”

அந்த மூட்டையைப் பார்த்தேன்.

“நான்தாங்க அவர் சம்சாரம்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சங்கடமாகச் சிரித்தார்.

“விளையாடாதீங்கம்மா. அவங்க சொன்னாங்களே... வீட்டுல எனக்கு ஒரு நாத்தனார் இருக்கா, ஒயரிங் வேலையெல்லாம் அவதான் பாக்குறான்னு. அது நீங்கதானே?”

நான் நாத்தனாராம்.

என் வீட்டில். என் கணவருக்கு நான் தங்கச்சியாம்.

“எப்படி இருப்பாங்க அவங்க?” என்று கேட்டேன்.

“என்னம்மா கேள்வி இது?” என்றார் கடைக்காரர். என் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார். “இதோ, உங்க வண்டியிலதானே உக்காந்திருக்காங்க.”

திரும்பினேன்.

வேன் நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் என் கணவர், ஃபோனைப் பார்த்துக்கொண்டு. பக்கத்து சீட்... என் சீட்... காலி.

பிடியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். கதவைத் திறந்தேன்.

“குடுத்துட்டியா?” என்றார் அவர், நிமிராமல்.

என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

காலி சீட்டின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது.

தொய்வில்லாமல்... இறுக்கமாக.