ஒரு பக்கம் ஓடி முடியும்வரை

கேசட்டில் ஒரு பக்கத்துப் பாட்டெல்லாம் முடிந்த பிறகும் நாடா கொஞ்ச நேரம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் கேட்பதுபோல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் மட்டும் வரும். எங்கள் வீட்டில் அந்த இரைச்சலுக்குத் ‘தீர்ப்பு நேரம்’ என்று பெயர். அது தொடங்கியதும் அப்பா தொண்டையைக் கனைப்பார், நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம்.

அப்பா மலேசியாவில், கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ‘ஃபேக்டரி பஸ்’ ஓட்டினார். தமிழ் அக்காக்கள், மலாய்க்கார அக்காக்கள், இரண்டு மூன்று சீன ஆன்டிகள், இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண்கள் என்று அந்த பஸ்ஸில் எல்லாரும் இருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கேசட் கொண்டுவரலாம், அப்பா போடுவார். ஆனால் ஒரு சட்டம் உண்டு. போட்டால் ஒரு பக்கம் முழுவதும் ஓடியாக வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது, பிடிக்காத பாட்டைத் தாண்டி ஓட்டக் கூடாது, முக்கியமாக, முடியும்வரை நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாரும் சொல்லக் கூடாது. “ஒருத்தர் வீட்டுல சாப்பிட உக்காந்துட்டு பாதியில எழுந்து போவியா? முழுசா கேளு. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு” என்பார் அப்பா.

பள்ளி விடுமுறை நாள்களில் அவருடைய இருக்கைக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கை எனக்குத்தான். இசையைப் பற்றி எனக்கு இன்றைக்கு இருக்கும் அபிப்பிராயங்களில் பெரும்பகுதி அங்கே உட்கார்ந்து, சன்னல் கம்பியில் நெற்றி இடிபட இடிபட, உண்டானவை. அவற்றை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

நீளமுடி வைத்த மலாய் ராக் பாடகர்களின் ஆல்பங்கள்தாம் அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஏமாற்று. அட்டைப் படத்தைப் பார்த்தால் ஆளை அடிக்க வருவதுபோல் இருக்கும். உள்ளே போனால் காதலி விட்டுப் போய்விட்டாள் என்று ஒரு பக்கம் முழுக்க அழுவார்கள். ஆனாலும் அந்த அழுகையை நான் விரும்பினேன், இப்போதும் விரும்புகிறேன். தமிழ்ப் படப் பாட்டுக் கேசட்டுகளில் பாதிக்குமேல் சுமார்தான் என்று சொன்னால் என் சொந்தக்காரர்களே சண்டைக்கு வருவார்கள், ஆனால் உண்மை அதுதான். இரண்டு நல்ல பாட்டை நம்பி நான்கு பாட்டைச் சகித்துக்கொண்டோம். சினிமா மெட்டில் சாமிப் பெயரைச் செருகிய பக்தி ஆல்பங்களை அம்மா தைப்பூச மாதம் முழுக்கப் போடுவார். எனக்கு அவை அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. உறுமி மேளக் கேசட்டை உட்கார்ந்து கேட்கவே கூடாது, கால் சும்மா இருக்காது. கர்நாடக சங்கீதம் எனக்கு ஏறவே இல்லை, அது என் குறையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இவை எல்லாவற்றையும்விட, ஒரு சீன ஆன்டி கொண்டுவந்த கேண்டனீஸ் ஆல்பம் ஒன்று, ஒரு சொல்கூடப் புரியாமல், என்னை உண்மையாகவே அழ வைத்தது.

அப்பாவின் தீர்ப்புகள் இவ்வளவு நீளமாக இருக்காது. கஜல் கேசட் ஒன்றுக்கு, “நல்ல கொரலு. ஆனா பாடுறவரே தூங்கிருவாரு போலயே லா” என்றார்; ‘லா’ போடாமல் எங்கள் ஊரில் பேச்சு முடியாது. அண்ணன் வாங்கி வந்த ஆங்கில மெட்டல் ஆல்பத்துக்கு, “அரிசி போடாம கிரைண்டர ஓட்டுறானுங்க” என்றார். இந்தோனேசியப் பெண்களின் டங்டுட் பாட்டுக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேசட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் போட்டார். அவர் திருப்பிப் போட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மலாய்ப் பெண்கள் உடனே “செடாப் கான், அண்ணே?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு ருசித்தாலும் பாட்டு ருசித்தாலும் ‘செடாப்’தான்.

என் அண்ணன் மகேன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன். படிப்பு முடிந்ததும் அப்பா சொல்லி வைத்து அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான், ஒரு வருடம்கூட இருக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து ‘லோக்கல் ஆல்பம்’ போடப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய அறைதான் அவர்களுடைய ஸ்டுடியோ. பாதி ராப், பாதி மெல்லிசை. வீட்டில் அம்மா அழுதார், அத்தைமார் வந்து புத்தி சொன்னார்கள், அப்பா மட்டும் வாயே திறக்கவில்லை. அதுதான் அண்ணனை வதைத்தது. ஆல்பம் முடிந்து கேசட் கைக்கு வந்த அன்று என்னிடம் சொன்னான்: “அப்பா நல்லா இல்லன்னு சொல்லிட்டாருன்னா நான் திரும்ப வேலைக்குப் போயிர்றேன். சத்தியமா.”

அப்பா அந்தக் கேசட்டை வாங்கிப் பார்த்தார், அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ற மகனைப் பார்த்தார். “வீட்டுல போட்டா உங்கம்மா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா. நாளைக்கு பஸ்ல போடுறேன், வந்து உக்காரு” என்றார். “அட்டைய யாருக்கும் காட்டாதே.”

மறுநாள் மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றும்போது அண்ணன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடு வரிசையில் உட்கார்ந்தான். நான் என் இடத்தில் இருந்தேன். முதல் பாட்டில், அமெரிக்காக்காரன் தமிழ் பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது. அது என் அண்ணனுடைய குரல் என்று நம்பவே முடியவில்லை. இரண்டாவது பாட்டுக்குள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். மூன்றாவது பாட்டு எங்கள் அடுக்குமாடியைப் பற்றியது: ஓடாத லிப்ட், ஏழாவது மாடிக்குச் சமையல் எரிவாயு சுமந்து வரும் ஆள், படியில் நின்று ஊர்வம்பு பேசும் ஆன்டிகள். அதில் மட்டும் அவன் வீட்டில் பேசுகிற மாதிரியே பாடியிருந்தான். பின்னால் ஒரு அக்கா கலகலவென்று சிரித்து, சட்டத்தை மறந்து, “யாரு பாட்டு அண்ணே இது? எங்க ப்ளாட்டுக்கு வந்துட்டு போனானா?” என்று கத்தினார். அப்பா கண்ணாடியில் அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அடுத்து வந்த பாட்டுகள் மறுபடி அமெரிக்காவுக்கே போய்விட்டன.

பக்கம் முடிந்து இரைச்சல் ஓடத் தொடங்கியது. அப்பா கனைக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் எல்லாரும் இறங்கிப் போகும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்:

“மத்த பாட்டெல்லாம் யாரோ பாடுறான். மூணாவது பாட்டு நீ பாடுற. அது நல்லாருக்கு.”

அண்ணன் எழுந்து முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அப்போ வேலைக்குப் போயிரவாப்பா?”

“அத நான் எப்பிடி லா சொல்லுவேன்? பாட்டப் பத்தி கேட்டே, சொன்னேன். வேலைக்குப் போறது ஒன் இஷ்டம்.” கேசட்டைக் காட்டி, “எங்க, மறுபக்கத்தப் போடு” என்றார்.

அண்ணன் கேசட்டைத் திருப்பிப் போட்டான். காலி பஸ்ஸில் நாங்கள் மூவரும் அதையும் முழுக்கக் கேட்டோம். எனக்கு அன்று அப்பா மேல் கோபம்தான் வந்தது. சொந்த மகனுக்கு இரண்டு நல்ல வார்த்தை கூடுதலாகச் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன்.

ஆல்பம் விற்கவில்லை. அண்ணன் தானாகவே வேலை தேடிக்கொண்டான். இப்போது ரவாங்கில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளனாக இருக்கிறான், ஆனால் பாடுவதை விடவில்லை. அதற்குப் பிறகு அவன் எழுதியதெல்லாம் மூன்றாவது பாட்டின் வழியில் வந்தவைதாம், ஒவ்வொன்றையும் முதலில் அப்பாவுக்குத்தான் போட்டுக் காட்டினான். அப்பா சிலவற்றைப் பிடித்தது என்றார், பலவற்றைப் பிடிக்கவில்லை என்றார், கடைசிவரை சலுகை காட்டவே இல்லை.

அப்பா போய்விட்டார். ஃபேக்டரி பஸ்கள் இன்னும் ஓடுகின்றன, ஆனால் உள்ளே ஆளுக்கொரு காதுக்கருவி. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் கேசட் வாங்கிய கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. என் மகள் ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்யப் பல்லவி வரும்வரைகூடக் காத்திருப்பதில்லை.

போன மாதம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். புதிதாக ஒரு பாட்டை இணையத்தில் ஏற்றியிருந்தான். கைப்பேசியை நீட்டிக் காட்டினான். இதயங்கள், கைதட்டல்கள், ‘சூப்பர் அண்ணே’, ‘வேற லெவல் பாஸ்’. நல்லதுதானே என்றேன்.

“ஏத்தின அடுத்த நிமிஷமே இதெல்லாம் போட்டுட்டாங்க” என்றான். “பாட்டு அஞ்சு நிமிஷம் லா, தங்கச்சி.”

கைப்பேசியை வாங்கி மேசைமேல் வைத்துப் பாட்டைப் போட்டேன். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, எழுந்து போகவில்லை. முடிந்ததும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பாட்டு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னேன், எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்றும் சொன்னேன். என் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.