எங்கள் அணி முதலில் எடுத்த ஆள்

மெஸ் ஹாலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஏறி நின்று தொழிலாளர் குடியிருப்பைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் கேம்ப் பாஸ் அந்தப் பெயரைச் சொன்னதும் எழுந்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் பதினேழு பேர். எண்ணுவது என் பழக்கம். வளைகுடாவில், சோனாப்பூர் கேம்ப்பில் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் டைம்கீப்பராக இருந்து, விடியற்காலையில் பஸ்ஸில் ஏறும் தலைகளை எண்ணியே என் தலை நரைத்தது. அந்தப் பதினேழு பேரில் ஒருவன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அவனை ஒட்டி, அவன் தோளுக்கும் எட்டாத அவனுடைய அண்ணன். ஒரு தலை உயர்ந்தவனை விட்டுவிட்டு, கேம்ப் பாஸ் அண்ணனின் பெயரைச் சொன்னார்.

கம்பெனிக்குச் சோனாப்பூர், ஜெபல் அலி என்று நான்கு கேம்ப்புகள், நான்கு கூடைப்பந்து அணிகள். குளிர்காலம் தொடங்கியதும் வெள்ளிக்கிழமைகளில் போட்டி நடக்கும். இதை ஆரம்பித்தவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த ஒரு லெபனான் இன்ஜினியர். அங்கே தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் வழக்கத்தை அவர் அப்படியே இங்கே கொண்டுவந்தார். புதிதாக வந்து இறங்கிய ஆட்களில் ஆடத் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். முந்தைய ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதல் உரிமை. அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் முதல் பிக். எந்த அணி எடுக்கிறதோ அந்தக் கேம்ப்புக்கே அந்த ஆள் போய்விடுவான். பிறகு மாற்றம் வேண்டுமென்றால் ஆளுக்கு ஆள்தான். ஆட்டக்காரனுக்கு வெயில் குறைந்த வேலையும் நல்ல அறையும் கிடைத்ததால், பந்தையே தொடாதவர்கள்கூட வரிசையில் வந்து நிற்பார்கள்.

எங்கள் அணி ஆள் எடுத்த கதை கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கு வயிற்றெரிச்சல். முதல் ஆண்டு எடுத்தவன் கேரம் ஆட்டக்காரன். விளையாட்டு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நின்றானாம். அடுத்த ஆண்டு ஒரு பிலிப்பினோ தச்சர் கிடைத்தார். குள்ளம், ஆனால் பந்து அவர் கையில் பம்பரம். அவரையே கேப்டனாக்கினோம். மூன்றாம் ஆண்டு எடுத்தவன் லீவில் ஊருக்குப் போனவன் போனவன்தான். நான்காம் ஆண்டும் கடைசி இடம். இன்னொரு முறை கடைசியில் வந்தால் சோனாப்பூர் அணியைக் கலைத்துவிடுவேன் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

அந்த நிலைமையில்தான் உயரமானவன் வந்தான். தேனிப் பக்கத்துக்காரன், பள்ளி நாட்களில் அரசு விளையாட்டு விடுதியில் தங்கி ஆடியவன். அவனை எடுப்பதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கேம்ப் பாஸ் கீழக்கரைக்காரர். எல்லோருக்கும் அவர் பாய். சிரிப்பு அடங்குவதற்குள் நான் அவரைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனேன்.

"என்ன பாய் இது? பெயர் மாறிச் சொல்லிட்டீங்களா?"

"மாறல சார். நீங்க ஏன் கெடந்து பதறுறிய? அண்ணன் தம்பி ஒட்டிக்கிட்டு நிக்கிறத பாத்தியளா? அண்ணன நாம எடுத்துட்டா தம்பி தானா வருவான். ஒசரமானவன நாம எடுத்தா, அந்தக் குள்ள அண்ணன ஜெபல் அலிக்காரன் எடுத்துக்கிட்டு நம்மள ஆட்டிவைப்பான். வளைகுடாவுக்கு எல்லாரும் எப்படி வந்தோம்? ஒருத்தன் வந்தான், அவன் பின்னால ஊரே வந்துச்சு."

அவர் கணக்கு பாதி சரியாக இருந்தது. அடுத்த உரிமை ஜெபல் அலி அணிக்கு. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உயரமானவனை எடுத்தார்கள். அவன் அண்ணனை விட்டுப் போக மாட்டேன் என்று நின்றான். ஆனால் மீதிப் பாதியை இன்ஜினியர் முடித்துவைத்தார். "ரூல் இஸ் ரூல். கலாஸ்" என்றார்; கலாஸ் என்றால் அவ்வளவுதான். தம்பியின் பெட்டி ஜெபல் அலி பஸ்ஸில் ஏறியது. அண்ணன் எங்கள் வாசலில் நின்று அந்த பஸ் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பாயைச் சுற்றி நின்றவர்கள், "பாய், ஊரே வந்துருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஆடத் தெரியாததால் சைட்டில் கம்பி கட்டப் போட்டிருந்த அண்ணனை ஃபோர்மேன் கேம்ப்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பின்னால் லாரி வருகிறது, தொண்டை கிழியக் கத்துகிறேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறான், அவ்வளவு திமிர் என்று புகார். பக்கத்தில் இருந்த ஒரு பிஹார்க்காரர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் ஆள் பிழைத்தான். பாய் அவனை மெஸ் ஹாலில் உட்காரவைத்துச் சோறு போடச் சொன்னார். அவன் சாப்பிடும்போது, முதுகுக்குப் பின்னால் போய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டார். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவன் மட்டும் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

பாய் தம்பிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அண்ணனுக்கு எடது காது சுத்தமாக் கேக்காது சார். வலது காதுல கொஞ்சூண்டு கேக்கும். வாயப் பாத்தே பேசிருவாரு. ஊர்ல கட்டட வேலையிலயும் நான் எப்பவும் எடது பக்கம் நின்னு தோளத் தட்டுவேன். அன்னைக்கு வரிசையிலயும் அவரு ஆட வந்து நிக்கல சார். என்னய கூப்புட்டதும் என் பின்னாடியே வந்து நின்னுட்டாரு. வெளிய சொல்லிறாதீங்க சார், ஊருக்கு அனுப்பிருவாங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பாய் போனை வைத்தார், சமையலறைக்குப் போய்விட்டு வந்தார். சமையலறையில் சேர்த்துவிடலாமே என்றேன். அங்கே இடம் இல்லை, கேட்டுவிட்டேன் என்றார். ஆபீஸில் சொன்னால் மறு மருத்துவப் பரிசோதனை, அப்புறம் விமான டிக்கெட். சொல்லாமல் விட்டால் அடுத்த லாரி. தம்பியை இங்கே கொண்டுவர ஜெபல் அலி விடாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. அங்கே கிடங்கு வேலை, சத்தம் குறைவு, தம்பி பக்கத்தில் இருப்பான். அண்ணனை அங்கே அனுப்ப வேண்டும்.

ஜெபல் அலி கேம்ப் பாஸ் ஒரு மலையாளி, கெட்டிக்காரர். பாய்க்கு அவசரம் என்று அவருக்கு வாடை அடித்துவிட்டது. "ஆளுக்கு ஆள் அல்லே பாய்? உங்க கேப்டனையும் சேர்த்துத் தா. நான் ரெண்டு பேரைத் தரேன். அடுத்த வருஷம் உங்களுக்கு முதல் பிக் கிட்டினா, அதும் எனக்கு" என்றார். அவர் தருவதாகச் சொன்ன இருவரும் பந்தைக் கண்டால் விலகி வழிவிடுபவர்கள். நான் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேப்டனும் போனா ஒரு மேட்ச்கூட ஜெயிக்க மாட்டோம் பாய். டீமே இருக்காது."

"தெரியும் சார். நான் போட்ட கொக்கி அந்தப் பய கழுத்துல மாட்டிக்கிச்சு. நான்தான் கழட்டணும்."

கேப்டனிடம் அவரே போய்ச் சொன்னார். பிலிப்பினோ தச்சர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு, "மாஃபி முஷ்கில், பிரச்சினை இல்லை பாய். அங்கே மெஸ்ஸில் மீன் நல்லா இருக்குமாம்" என்று அவருக்குத் தெரிந்த அரபியிலும் இந்தியிலும் சொல்லிவிட்டு ஷூவை எடுத்துப் பையில் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணனையும் கேப்டனையும் கொண்டுபோய் விடப் பாயுடன் நானும் பஸ்ஸில் போனேன். ஜெபல் அலி மைதானத்தில் தம்பி பந்து போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் பந்தை அப்படியே விட்டுவிட்டு வந்தான். கட்டிப்பிடிப்பான், அழுவான் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனைச் சுற்றிவந்து அவனுடைய இடது பக்கத்தில் நின்றான். நின்றபிறகுதான், "சாப்ட்டியாண்ணே?" என்று வாயசைத்துக் கேட்டான்.

திரும்பும்போது பாய் பஸ்ஸில் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் பயந்தபடியே எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். கோப்பை ஜெபல் அலிக்குப் போனது. சொன்னபடி இன்ஜினியர் எங்கள் அணியைக் கலைத்தார். கூடைக் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பஸ்களை நிறுத்தினார்கள். பாயைக் கேலி செய்வது அவர் வேலையை விட்டு ஊருக்குப் போகும்வரை நிற்கவில்லை. அவரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை; சொன்னால் அந்த அண்ணனின் வேலை போய்விடும்.

பாயை இரக்க மனசுக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் அந்த ஆளை எடுத்தது தந்திரத்துக்காக. தந்திரம் தப்பியபோது பலர் சட்டத்தைக் காட்டி ஒதுங்குவார்கள். அவர் தன்னிடம் இருந்த ஒரே நல்ல ஆட்டக்காரரையும் ஆசையாய் வளர்த்த அணியையும் கொடுத்துவிட்டு வந்தார். தப்பைத் திருத்த இத்தனை கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அல் குசைஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை அமெரிக்கக் கூடைப்பந்துப் பைத்தியம். போன வாரம் ஏதோ ஓர் அணி ஆண்டாண்டாக எடுத்த ஆட்களைப் பற்றிய நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் பிக்கைப் போய் இப்படி வீணாக்கியிருக்காங்க பாருங்க மாமா" என்றார். நான் எங்கள் அணியின் கதையைச் சொன்னேன். காது விஷயத்தைச் சொல்லவில்லை; வாக்குக் கொடுத்திருந்த பாயின் நினைவில் நாக்கு தயங்கியது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உலகத்துலயே மோசமான பிக் இதுதான் மாமா! அந்த ஆள் கடைசிவரைக்கும் ஒரு பால்கூடப் போடலையா?"

"போடல மாப்ள. நாலு வருஷம் வேலை பார்த்துட்டு, கை கால் முழுசா ஊர் போய்ச் சேர்ந்தான்."