லயத்துக் கானில் என் ஆட்டத்தை உருவாக்கிய தம்பி

என் தம்பியை நான் ஒருநாளும் ‘அவர்’ என்று சொன்னதில்லை. வீட்டில் ‘வாடா, போடா’தான். அவருடைய கருமாதிக்கு வந்திருக்கும் நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த நினைவு மலரிலாவது அந்த மரியாதையைக் கொடுக்க விரும்புகிறேன்.

தம்பி றக்வானைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது மகனாகப் பிறந்தார். எனக்கு இரண்டு வயது இளையவர். பத்து வயதில் மூட்டு வீக்கத்தோடு வந்த காய்ச்சல் அவருடைய இதயத்தைப் பழுதாக்கிவிட்டது. “இந்தப் பிள்ளைய ஓட விடாதீங்க” என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஓட முடியாதவர் பார்க்கப் பழகினார். யார் எந்தக் காலை ஊன்றித் திரும்புகிறார், யாருக்கு எப்போது மூச்சு வாங்கும் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் இரத்தினபுரிக்குப் போய்க் குத்துச்சண்டை பழகினேன். தம்பியும் பஸ்ஸில் கூடவே வருவார். முதல் போட்டியில் ரிங்கைச் சுற்றிச் சுற்றி ஓடி, மூன்றாம் சுற்றில் கால் தளர்ந்து தோற்றேன். திரும்பி வரும்போது தம்பி கேட்டார்:

“அண்ணே, நீங்க ஏன் ஓடுனீங்க?”

“எல்லாரும் அப்பிடித்தானே ஆடுறாங்க.”

“அவங்க மூட்ட தூக்குனவங்க இல்ல. ஒங்க காலு மெதுவு. ஆனா நின்ன எடத்துல ஒங்கள ஒருத்தனும் அசைக்க முடியாது. ஓடாதீங்க. அவன உள்ள வரவிடுங்க.”

மறுநாள் என்னை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே தண்ணீர் வடியும் கான். அகலம் இரண்டு முழம் இருக்கும். அதற்குள் என்னை நிறுத்திவிட்டு, மேட்டில் உட்கார்ந்தபடி, நனைத்த துணியைப் பந்துபோல முடிந்து என் முகத்தைப் பார்த்து வீசினார். விலகி ஓட இடமே இல்லை. “காலு இல்லண்ணே, தலைய நகத்துங்க. நகத்திக்கிட்டே வயித்துல குத்துங்க!” முதல் வாரம் முகமெல்லாம் சேறு. அம்மா திட்டிய திட்டு கீழ் லயம்வரை கேட்டது. ஆறு மாதத்தில், எதிராளியின் கைக்குள் நின்று தலையை நகர்த்தி விலாவில் குத்துவதே என் ஆட்டமாகிவிட்டது. ஜெயிக்கத் தொடங்கினேன்.

அதைப் பார்த்துத்தான் கொழும்பில் ஒரு கம்பெனி தன் குத்துச்சண்டை அணிக்காக எனக்கு வேலை கொடுத்தது. நன்றாக ஆடினால்தான் வேலை நிரந்தரம். அங்கிருந்த பயிற்சியாளர் பல வீரர்களை உருவாக்கியவர். எட்ட நின்று நேராகக் குத்திப் புள்ளி எடுப்பது அவர் முறை. அதையே எனக்கும் பழக்கினார். நானும் தோட்டத்து ஆட்டத்தை மறைக்க வேண்டிய ஒன்றாக நினைத்துவிட்டேன். மூன்று போட்டிகள் தொடர்ந்து தோற்றேன். அடுத்ததும் போனால் மூட்டை தூக்கத் திரும்ப வேண்டியதுதான்.

என் கடிதம் கண்டதும் தம்பி கொழும்புக்கு வந்துவிட்டார். நேராகப் பயிற்சியாளரிடம் போய்ச் சிங்களத்தில் பேசினார். “சேர், நீங்க சொல்லிக் குடுக்கிறது பிழையில்ல. அது ஒசரமான ஆளுக்கு. இவர ஒரு பத்து நிமிஷம் கிட்ட நின்னு ஆட விட்டுப் பாருங்க.” எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பெரிய மனிதர் கோபிக்கவில்லை. பத்து நிமிடம் பார்த்தார். பிறகு தம்பியின் தோளில் தட்டி, “ஹரி மல்லி, போட்டியன்னைக்கு நீங்களும் என்கூட நில்லுங்க” என்றார். சிங்களத்தில் ‘ஹரி மல்லி’ என்றால் ‘சரி தம்பி’. அவருக்கும் என் தம்பி, தம்பியாகிவிட்டார்.

அந்தப் போட்டியின் இரண்டாம் சுற்றில் என் உதடு கிழிந்தது. இடைவேளையில் தண்ணீர் கொடுத்த தம்பிக்கு என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. “பின்னால மண்மேடு இருக்குன்னு நெனச்சுக்கங்கண்ணே. அவன் வருவான்.” எதிராளி வந்தார். விலாவில் இரண்டு குத்து. நடுவர் எண்ணி முடிக்கும்வரை அவர் எழும்பவில்லை.

வெளியே ஒரு பத்திரிகைக்காரர், உங்கள் பயிற்சியாளர் யார் என்று கேட்டார். தம்பி என் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். நான் கம்பெனிப் பயிற்சியாளரின் பெயரை மட்டும் சொன்னேன். லயத்துக் கானைப் பற்றிச் சொல்ல வெட்கம். பல நாள் கழித்து மன்னிப்புக் கேட்டபோது, “விடுங்கண்ணே, பேப்பர்ல வந்தா கான நாசமாக்கிட்டேன்னு தோட்டத்துத் தொர என்னயத்தான் ஏசுவாரு” என்று சிரித்தார். அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை. இங்கே அச்சில் சொல்கிறேன்: எனக்கு ஆட்டத்தைக் கொடுத்தவர், வேலையைக் காப்பாற்றியவர், என் தம்பி.

பின்னாளில் தம்பி றக்வானையில் ஒரு கடையில் வேலை பார்த்தார். திருமணம் முடித்து ஒரு மகளுக்குத் தகப்பனானார். ஞாயிறுகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்தார். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். உயரமானவர்களை எட்ட நின்று ஆடவைத்து, “இது கொழும்பு சேர்கிட்ட படிச்சது” என்பார்.

கடைசி மாதங்கள் வீடும் ஆஸ்பத்திரியுமாகக் கழிந்தன. ஒருநாள் நான் வார்டுக்குள் நுழையும்போதே, “இன்னும் தோளத் தூக்கிக்கிட்டே நடக்கிறீங்கண்ணே. எறக்குங்க. இப்ப யாரும் அடிக்க வரல” என்றார். அவர் என்னில் திருத்திய கடைசிப் பிழை அது. மூன்றாம் நாள் காலையில் எங்களைப் பிரிந்தார்.

அவரை முகம் சுளிக்காமல் பராமரித்த தாதிமாருக்கும், கேட்ட நேரமெல்லாம் வேன் கொடுத்த சிங்கள அயலவருக்கும், முதுமையிலும் மலையேறி வந்து அஞ்சலி செலுத்திய கொழும்புப் பயிற்சியாளருக்கும், பாடையைக் கீழே வைக்காமல் தோள் மாற்றிச் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும், கடைசிவரை உடனிருந்த தம்பியின் மனைவிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நிற்கவில்லை. மூத்த மாணவர்கள் நடத்துகிறார்கள். உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். முதலில் டாக்டரிடம் இதயத்தைக் காட்டிவிட்டு அனுப்புங்கள். அதைக் கேட்காமல் தம்பி யார் கையிலும் கையுறை மாட்டியதில்லை.