சிலேட்டில் அழித்த ஓடை

நான் பொய் சொன்னேன். மூன்றே மூன்று சொற்கள். அந்த மூன்று சொற்களால் ஒரு மனிதர் தாம் பிறந்த நாட்டை இழந்தார். ஒரு பெண் தன் தகப்பனை இழந்தாள். எனக்கோ... எனக்கு ஒரு குறையும் வரவில்லை!

இதை வாசிக்கும் நீங்கள் யாரோ, எவரோ. உங்களிடம் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை. அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் வாத்தியார். ஒரே அறை, தகரக் கூரை, ஐந்து வகுப்புகளுக்கும் நான் ஒருவன். மழை பிடித்துக்கொண்டால் என் குரல் எனக்கே கேட்காது. அப்போதெல்லாம் பிள்ளைகளைச் சிலேட்டில் எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். லால்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் நினைவுக்கு வரும். ஏழு வயதில் அப்பாவோடு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன் நான். அந்த வாய்க்காலின் வாசனையைப் பாழாய்ப்போன இந்த மூக்கு இன்னும் மறக்கவில்லை.

தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, சீமைக்குத் திரும்பியபோது பங்களாவிலிருந்த சில பொருள்களைப் பாடசாலைக்கு அனுப்பிவைத்தார். அவற்றில் சுருட்டிய படம் ஒன்று இருந்தது. சால்மன் மீனின் வாழ்க்கை. முட்டை, குஞ்சு, ஆற்றில் நீந்தும் இளமீன், கடல், பிறகு அருவியை எதிர்த்துத் துள்ளி ஏறும் பெரிய மீன். கடைசிப் படத்தில் அந்த மீன் முட்டையிட்டுவிட்டு வயிறு மேலே தெரியச் செத்து மிதந்தது.

அந்தக் கடைசிப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு எதற்கு அபசகுனம் என்று அந்த ஓரத்தைப் பின்னால் மடித்து, ஆணியடித்து மாட்டினேன். பிள்ளைகளுக்காகவா மடித்தேன்? எனக்காகவா?

சால்மனை அவர்கள் எங்கே கண்டார்கள்! காசிம் நானா கடையிலிருந்து ஒரு வெற்று மீன் டின்னை வாங்கி வந்து காட்டினேன். "இதுக்குள்ள இருந்ததா சார் அம்புட்டுத் தூரம் நீந்திச்சு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நன்றாகத்தான் பாடம் நடத்தினேன்... நடத்திய பிறகுதான் கெடுத்தேன்.

பிறந்த ஆற்றின் மணத்தை அந்த மீன் மறப்பதில்லை, கடலில் எத்தனை ஆண்டு திரிந்தாலும் அதே ஆற்றுக்குத் திரும்பிவிடும் என்று சொல்லி முடித்தேன். உடனே கரும்பலகையில் எழுதினேன்: 'நாமும் ஒருநாள் நம் ஆற்றுக்குத் திரும்புவோம்.' அதன் கீழே, 'என் ஆறு எது?' ஐந்து வரி எழுதச் சொன்னேன்.

ஐந்தாம் வகுப்பில் காமாட்சி என்றொரு பெண். பெரியண்ணன் என்ற தோட்டத் தொழிலாளியின் மகள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாத்தியாராக வேண்டும் என்று என்னிடமே வந்து சொன்னவள். பயிற்சிக் கல்லூரி வரை உன்னைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவள் சிலேட்டில் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? 'என் ஆறு எங்கள் லயத்து வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடை. நான் இங்கே பிறந்தேன். என் அப்பாவும் இங்கே பிறந்தார்.'

எவ்வளவு சரியான விடை! பாடத்தைப் புரிந்துகொண்டவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். மீன் தான் பிறந்த ஆற்றுக்குத்தானே போகிறது? பாட்டன் பிறந்த ஆற்றுக்கா போகிறது?

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "ஓடையெல்லாம் ஆறா, பிள்ள? ஒங்க பாட்டன் எந்த ஊரு?"

"முசிறின்னு சொல்வாங்க சார். நாங்க பாத்ததில்ல."

"முசிறின்னா காவேரி. அதுதான் ஒன் ஆறு" என்று சொல்லி, என் உள்ளங்கையால் அவள் சிலேட்டை அழித்தேன். அந்த ஓடை போயிற்று. காவேரியைப் பற்றி நானே வரி வரியாகச் சொல்ல, அவள் நோட்டில் அழகாக எழுதினாள். 'நாங்கள் இங்கே தங்க வந்தவர்கள் அல்லர். ஒருநாள் காவேரிக்கே திரும்புவோம்.' என் ஏக்கம், என் சொற்கள், அவளுடைய கையெழுத்து. அந்தப் பக்கத்துக்கு நானே பத்துக்குப் பத்துப் போட்டேன்.

நம் ஆட்களிடம் எந்த ஊர் என்று கேட்டால், பார்த்தேயிராத ஊரைத்தானே சொல்கிறோம்? மூன்று தலைமுறை இந்த மண்ணில் புதைந்த பிறகும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அதைப் பிள்ளையின் கையால் எழுதவைத்து நோட்டில் ஏற்றியவன் நான்.

இங்கேயே பிறந்திருந்தாலும் நம் ஆட்கள் பிரஜையாக விண்ணப்பிக்க வேண்டிய காலம் அது. அடுத்த வாரம் குடியுரிமை விசாரணைக்காக ஓர் அதிகாரி தோட்டத்துக்கு வந்தார். மேசையும் நாற்காலியும் உள்ள இடம் பாடசாலைதான் என்பதால் அங்கேயே விசாரணை. விண்ணப்பித்தவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். இந்த நாட்டிலேயே நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் உண்டா என்பதைத்தான் அவர் துருவித் துருவிக் கேட்டார். பெயர் விவரம் பார்க்க நான் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

எனக்குப் பெருமை பீறிட்டது. பெரிய மனிதர் வருகிறாரே, நம் பிள்ளைகளின் எழுத்தைப் பார்க்கட்டுமே என்று மேசையோரத்தில் நல்ல நோட்டுகளைப் பரப்பி வைத்திருந்தேன். மேலே இருந்தது காமாட்சியின் நோட்டு. மடையன்! அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

பெரியண்ணன் உள்ளே வந்து கைகட்டி நின்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் பிறந்ததற்குத் துண்டுச் சீட்டு இருந்தது. எல்லாம் சரியாகவே போயிற்று. பெயரைக் கேட்ட அதிகாரியின் கண், நோட்டின் அட்டையில் எழுதியிருந்த தகப்பன் பெயருக்குப் போனது. எடுத்தார். புரட்டினார். வாசித்தார்.

"உங்கள் மகளா? காவேரிக்குத் திரும்புவோம் என்று எழுதியிருக்கிறாளே. எப்போது போகிறீர்கள்?"

"காவேரியா? நான் கண்டதே இல்லீங்க, ஐயா. பொறந்ததும் சாகப்போறதும் இங்கதானுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஆசிரியரே, இது நீங்கள் சொல்லிக்கொடுத்து எழுதியதா? பிள்ளை தானாக எழுதியதா?"

இதோ, அந்தக் கணம்... இந்தப் பத்து ஆண்டுகளில் அதில் நான் எத்தனை தடவை போய் நின்றிருப்பேன்! மேசையில் கோப்புகள் அடுக்கியிருந்தன. பெரியண்ணனின் கோப்புக்கு அடுத்து இருந்தது என்னுடையது. லால்குடியில் பிறந்தவனின் கோப்பு. அந்த வரிகள் என்னுடையவை என்று சொன்னால் என் விண்ணப்பம் என்ன ஆகும்? என் வேலை என்ன ஆகும்?

"பிள்ளை தானாக எழுதியதுங்க" என்றேன்.

பெரியண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்திருந்தாலாவது தேவலை. வாத்தியார் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

சில மாதங்களில் கடிதங்கள் வந்தன. என் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பெரியண்ணனுடையது தள்ளுபடி. நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லையாம். வாசிக்கத் தெரியாத அவர் அந்தக் கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார். நான்தான் வாசித்துக் காட்டினேன். குரல் நடுங்கவில்லை. பழகிய குரல் அல்லவா!

காமாட்சி வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். சார்தான் எழுதச் சொன்னார், சிலேட்டில் நான் ஓடை என்றுதான் எழுதினேன் என்று அழுதிருக்கிறாள். யார் நம்புவார்கள்? குடியைக் கெடுத்ததுமல்லாமல் வாத்தியார் மேல் பழியும் போடுகிறாளே என்று பெரியண்ணனுக்கு ஆத்திரம். அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். அவள் பாடசாலைக்கு வருவதும் நின்றது. பிரஜை அல்லாதவள் வாத்தியாராவது எப்படி? அடுத்த மாதமே அவள் முதுகில் கொழுந்துக் கூடை ஏறியது.

கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பாதை பாடசாலை வாசலை ஒட்டித்தான் போகிறது. தினமும் காலையில் அவள் அந்த வழியாகப் போவாள். நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்றுகொண்டு தேவாரத்தைச் சத்தமாகப் பாடவைப்பேன்.

அப்புறம் இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு நம் ஜனங்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. பெரியண்ணன் இந்தியாவுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார். அவருடைய மனைவி அதற்குள் காலமாகிவிட்டிருந்தாள். அவருக்குச் சோறு பொங்கிப் போட மகளும் போயாக வேண்டும். விண்ணப்பம் நிரப்பக் காமாட்சி என்னிடம் வந்தாள். பன்னிரண்டு வயதில் போனவள் இருபத்திரண்டு வயதில் பாடசாலைக்குள் கால் வைத்தாள். சுவரில் அந்த மீன் படம் இன்னும் தொங்கிற்று.

எழுதி முடித்த தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சார், எனக்கு நாடு வேணாம். படிப்பும் போனது போகட்டும். அப்பா என்கிட்ட பேசிப் பத்து வருசமாச்சு. சோத்தப் போட்டா திங்கிறாங்க, மொகத்தப் பாக்க மாட்டேங்கிறாங்க. போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"சொல்றேன்" என்றேன்.

வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்வதற்காகத்தான் போனேன், நம்புங்கள்! காமாட்சி பெட்டிக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பெரியண்ணன் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரய்யா, எம் மக ஒங்க மேல பழி போட்டா. சின்னப் புள்ள. மனசுல வச்சுக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! அந்த மனிதர், என்னிடம்... வாயைத் திறந்தேன். "உடம்பப் பாத்துக்குங்க, பெரியண்ணன்" என்ற வார்த்தைதான் வந்தது. ரயில் ஊதியது. அவர் ஏறிக்கொண்டார். ஜன்னலில் காமாட்சியின் முகம் மலர்ந்திருந்தது. ஏன் மலர்ந்திருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போன மாதம் முசிறியிலிருந்து அஞ்சலட்டை வந்தது. அதே முத்து முத்தான கையெழுத்து.

'அன்புள்ள சாருக்கு, அப்பா காலமானார். ஊர் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இங்கே எங்களை யாருக்கும் தெரியவில்லை. ஒன்று மட்டும் எழுதுங்கள். ஸ்டேஷனில் நீங்களும் அப்பாவும் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சொல்லிவிட்டீர்கள் என்று சந்தோஷப்பட்டேன். எல்லாம் தெரிந்த பிறகுமா, சார், கடைசி வரையில் அப்பா என்னோடு பேசாமல் போனார்?'

என்ன பதில் எழுதுவேன்? சொன்னேன் என்றால், உண்மை தெரிந்தும் தகப்பன் தன்னை வெறுத்தான் என்று அவள் சாகும்வரை நினைப்பாள். சொல்லவில்லை என்றால்... அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் நிம்மதிக்காகவா தயங்குகிறேன்? இல்லை. அவளிடமும் என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். இத்தனைக்குப் பிறகும்!

அட்டை மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பதில் எழுதவில்லை.

இன்று காலை ஐந்தாம் வகுப்புக்கு மீன் பாடம். படத்தைக் கழற்றித் தூசி தட்டினேன். பத்து ஆண்டுகளாக மடித்திருந்த ஓரத்தை விரித்து, செத்து மிதக்கும் அந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டது. பழையபடி மடித்து, ஆணியில் மாட்டினேன்.